நல்லூரின் சுண்ணாம்புக் கணக்கு

நல்லூரில் எந்த வளவில் கிணறு வெட்டினாலும் சில அடி மண்ணுக்குக் கீழே அலவாங்கு கல்லில் இடிக்கும். வெட்டி மேலே போட்ட கல்லைக் கழுவிப் பார்த்தால் சிப்பியின் விளிம்பு, ஊரியின் சுருள், முருகைக்கல்லின் துளை எல்லாம் தெரியும். அவற்றுக்கு இடையிலுள்ள சின்னஞ்சிறியவற்றைக் கைவில்லை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கலம் கொண்ட உயிர்கள் தங்களைச் சுற்றிக் கட்டிய ஓடுகள் அவை. போராமினிபெரா என்பது அவற்றின் பெயர். 1923 இல் வேலண்ட், டேவிஸ் என்ற இரு புவியியலாளர் இலங்கையின் மயோசீன் காலப் பாறைகளைப் பற்றி இலண்டன் புவியியற் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது குறிக்க உதவும் தபெரினா மலபாரிக்கா என்ற போராமினிபெரா, கேரளத்தில் கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு இடத்திலும் ஆழங்குறைந்த, வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதில் வாழ்ந்து செத்த உயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காக இறுகித்தான் எங்கள் குடாநாடு உண்டானது.

நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வரலாறு என் பாடம் அல்ல. ஆனால் நல்லூரின் வரலாற்றை எந்தப் பக்கத்தால் தொட்டாலும் எனக்குக் கல்சியம் காபனேற்றுத்தான் தட்டுப்படுகிறது. அரசனின் முத்தும் கோயிற் சங்கும் கோட்டை மதிலும் ஒரே சேர்வைதான்; அம்மம்மாவின் கரண்டகத்துச் சுண்ணாம்பும் அதைச் சுட்டு நீற்றியதுதான். அந்தச் சேர்வையைக் கடலில் கட்டும் சிறிய உயிர்களுக்கு இப்போது நேர்ந்திருப்பது என்ன என்று விளங்கவும், இந்த ஊர் சுண்ணாம்பை எப்படி எடுத்தது, எப்படி எரித்தது, எப்படித் திருப்பிக் கொடுத்தது என்று பார்ப்பது உதவுகிறது.

முதலில் அரசர் காலம். நல்லூரைத் தலைநகராக வைத்திருந்த ஆரியச் சக்கரவர்த்திகளின் செல்வத்தில் கடலின் பங்கு பெரியது. 1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததை எழுதி வைத்திருக்கிறார். அவர் உள்ளே போன நேரம் அரசன் முன்னால் முத்துகள் குவிந்திருந்தன. அலுவலர்கள் இருந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மன்னார்க் கடலின் முத்துச் சிப்பியை யார் ஆள்வது என்பதே பிறகு நல்லூருக்கும் போர்த்துக்கேயருக்கும் இடையிலான பகையில் ஒரு காரணமானது. 1560 இல் மன்னார் போர்த்துக்கேயரிடம் போனது.

முத்து அரசனுடைய பொருள். சங்கு ஊரவருடைய பொருளும்கூட. பூசைக்கு ஊத, குழந்தைக்குப் பால் பருக்க, செத்த வீட்டில் ஊத என்று இங்கே வேண்டியது கொஞ்சம். மிச்சம் எல்லாம் வங்காளம் போனது. அங்கே மணமான இந்துப் பெண்கள் அணியும் வெள்ளை வளைக்குச் சங்கு அறுக்க வேண்டும். டாக்காவின் சங்காரி பசாரில் அறுத்த சங்குகளில் யாழ்ப்பாணத்தவையும் இருந்தன. சென்னை மாகாண மீன்பிடித் திணைக்களத்தில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1914 இல் சங்கைப் பற்றி ஒரு முழுநூல் எழுதினார். யாழ்ப்பாணக் கடனீரேரியில் சேற்றுக்குள் கம்பியால் குத்தி, தட்டுப்பட்ட இடத்தில் தோண்டி, செத்துப் போன பழஞ்சங்குகளை எடுக்கும் தொழில் அதில் வருகிறது. உயிர்ச் சங்கு எடுக்கச் சுழியோட வேண்டும். பழஞ்சங்குக்கு முழங்கால் தண்ணீரும் பொறுமையும் போதும்.

சேற்றில் அவ்வளவு காலம் கிடந்த ஓடு ஏன் கரையவில்லை? சங்கின் ஓடு கல்சியம் காபனேற்றின் அரகனைற்று என்ற வடிவம். கடல்நீரில் கல்சியமும் காபனேற்று அயனும் வேண்டிய அளவுக்கு மேலே இருக்கும்வரை அந்த ஓடு கரையத் தேவையில்லை. எங்கள் ஆழங்குறைந்த கடலில் அப்படி மிகையாகவே இருந்து வந்திருக்கிறது. வங்காளத்துப் பெண்களின் வளைக்கும் எங்கள் ஊர்ச் சங்கு வியாபாரிகளின் பணத்துக்கும் அடியில் இந்த இரசாயனம் இருந்தது. யாரும் அதைக் கணக்கெடுக்க வேண்டி வரவில்லை.

அடுத்தது சூளையின் காலம். 1619 இல் நல்லூரின் கடைசி அரசன் சங்கிலியனைத் தோற்கடித்த போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா, 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்து, ஆட்சிப் பீடத்தை யாழ்ப்பாண நகரத்துக்கு மாற்றினான். இடித்த கல் அங்கே கட்டிய கோட்டைக்குப் போனது என்பது ஊர் வழக்கு. 1658 இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்து, ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினார்கள். மதில் முழுக்க முருகைக்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து. 1734 இல் இரகுநாத மாப்பாண முதலியார் குருக்கள் வளவில் இன்றைய கோயிலை எழுப்பினார். மந்திரிமனை, சங்கிலித் தோப்பு வளைவு என்று நல்லூரில் பழமை சொல்லி நிற்கும் எந்தக் கட்டடத்திலும் பூச்சு உதிர்ந்த இடத்தில் கையை வைத்தால் அதே வெள்ளைத்தூள்தான் ஒட்டும்.

அந்தச் சுண்ணாம்பு கரையோரத்துச் சூளைகளிலிருந்து வந்தது. விறகு ஓர் அடுக்கு, ஊரியும் சிப்பியும் முருகைக்கல்லும் ஓர் அடுக்கு என்று மாறி மாறிப் போட்டு எரிப்பார்கள். சூடு 800 பாகையைத் தாண்டினால் ஓடு உடையும். 100 கிலோ தூய ஓடு போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் புகையோடு போய்விடும். சுட்டதில் தண்ணீர் தெளித்தால் கொதித்து, வெடித்து, மாவாகும். அந்த நீற்றுச் சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, கடுக்காய் ஊறின தண்ணீரும் பனங்கட்டிக் கரைசலும் விட்டு அரைத்துப் பூசினார்கள்.

பூசிய பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம். சுண்ணாம்புச் சாந்து வெறும் ஈரம் காய்ந்து இறுகுவதில்லை. காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உள்ளே இழுத்து மறுபடியும் கல்சியம் காபனேற்றாக மாறுகிறது. சூளையில் ஓட்டை விட்டுப் போன அந்த 44 கிலோ, பல வருடம் எடுத்துச் சுவருக்குள் திரும்புகிறது. விறகு எரிந்து போன காபனையும் அடுத்துத் தளிர்த்த தென்னையும் பனையும் பூவரசும் எடுத்துக்கொண்டன.

இதை எங்கள் வீட்டுச் சுவரிலேயே சோதித்துப் பார்த்தேன். பழைய நாற்சார் வீடு. குழாய் பதிக்கப் பின்சுவரை உடைத்த மேசன் தம்பி, "ரீச்சர், இது பழைய காலத்துச் சாந்து, லேசிலை விடாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து நீட்டினார். காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினோப்தலீன் கரைசல் வீட்டில் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. உடைந்த முகத்தில் சொட்டாக விட்டேன். நிறம் மாறவில்லை. நடுவரைக்கும் சுண்ணாம்பு காரம் இழந்து கல்லாகி முடிந்திருந்தது. பக்கத்தில் பிற்காலத்தில் கட்டிய சீமெந்துச் சுவரின் துண்டிலும் விட்டேன். வெளி ஓரத்தில் மட்டும் நிறமில்லை. உள்ளே முழுக்கக் கடும் இளஞ்சிவப்பு. "என்ன ரீச்சர், இது பழுதே?" என்று மேசன் பயந்துபோனார். பழுதில்லை, இது இன்னும் தன் கடனைக் கட்டி முடிக்கவில்லை என்றேன்.

சூளைக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. முருகைக்கல் உடைத்த கரையைக் கடல் அரித்தது. அதனால்தான் 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988 இல் திருத்தி, கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதையும் எரிப்பதையும் தடுத்தார்கள். ஆனால் அந்தச் சேதம் உடைத்த இடத்தோடு நின்றது. கடல்நீரின் இரசாயனத்தை எந்த ஊர்ச் சூளையும் மாற்றவில்லை.

மாற்றியது எது என்பதை விளக்க எனக்கு வகுப்பில் ஒரு சோதனைக் குழாயும் ஓர் உறிஞ்சுகுழலும் போதும். சுண்ணாம்பு நீருக்குள் மூச்சை ஊது, பால்நிறமாகும். காபனீரொட்சைட்டுக்குச் சோதனை இது என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். பெரும்பாலான பிள்ளைகள் இதோடு குழலை எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் தொடர்ந்து ஊதச் சொல்லுவேன். கொஞ்ச நேரத்தில் பால்நிறம் கலைந்து நீர் மறுபடி தெளியும். முதலில் வெள்ளையாக வீழ்ந்தது கல்சியம் காபனேற்று, ஓடு செய்யும் பொருள். மேலும் மேலும் வாயு சேர அது கரைந்து இருகாபனேற்றாகிவிட்டது. அதிலிருந்து ஓடு கட்டுவது கடினம்.

நல்லூர்க்காரருக்கு அந்தத் தெளிந்த நீர் புதிதல்ல. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதுதான். மழைநீர் மண்ணில் காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு கல்லுக்குள் இறங்கி, கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலில் கொதிக்க வைத்தால் வாயு வெளியேற, அடியில் வெள்ளையாகக் கல் திரும்பப் படிகிறது. புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணறு இருக்கிறதே, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக, அது இப்படிக் கரைந்து உண்டான குழிதான். அதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு எடுத்தது.

கடலுக்கு அந்த அவகாசம் கொடுக்கப்படவில்லை. குருக்கள் வளவில் கோயில் எழுந்த 1734 இல் உலகின் வளியில் பத்து இலட்சத்துக்கு 280 பங்கு அளவில் காபனீரொட்சைட்டு இருந்தது. ஒல்லாந்தர் 1795 இல் கோட்டையை ஆங்கிலேயரிடம் விட்டுப் போன நேரம் இங்கிலாந்தில் நிலக்கரி எரிந்து இயந்திரங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. 1958 இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் விஞ்ஞானி கீலிங் அளக்கத் தொடங்கியபோது அது 315 ஆகியிருந்தது. இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியேற்றுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய வாயு கடலின் காபனேற்று அயனைத் தின்று இருகாபனேற்றாக்குகிறது. ஊதிக்கொண்டே இருந்த அந்தச் சோதனைக் குழாயில் நடந்ததும் இதுதான். கடல் மேற்பரப்பின் பீஎச் 8.2 இலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது.

0.1 ஒரு வித்தியாசமா என்று கேட்பார்கள். பீஎச் மடக்கை அளவு. 0.1 இறங்கினால் ஐதரசன் அயன் நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று பொருள்.

இதில் யாழ்ப்பாணத்துக்கும் சிறு பங்கு உண்டு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950 இல், காங்கேசன்துறை சீமெந்து ஆலை தொடங்கியது. போராமினிபெராவும் சிப்பியும் கட்டிய அதே மயோசீன் கல்லை வெட்டி, 1,400 பாகைக்கு மேல் சுட்டார்கள். அப்படிச் சுட்டெடுக்கும் கிளிங்கர் ஒரு தொன்னுக்குக் கல்லிலிருந்து மட்டும் அரைத் தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியேறும். எரிபொருளின் புகை அதற்கு மேலே. சீமெந்தும் காற்றிலிருந்து கொஞ்சம் திரும்ப எடுக்கும், ஆனால் சுண்ணாம்புச் சாந்து போல முழுக்க எடுப்பதில்லை. எரிபொருள் எரிந்து போனதை எந்தப் பனையும் திருப்பி எடுத்து முடிக்காது. ஆலை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நாங்கள் எல்லோரும் அந்தச் சீமெந்தில்தான் வீடு கட்டினோம். 1990 இல் போரில் அது மூடப்பட்டது. உலகம் முழுவதும் பார்த்தால் மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் சீமெந்தின் பங்கு நூற்றுக்கு 7, 8 அளவில் வரும். மிச்சத்தில் பெரும்பகுதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு.

ஒருமுறை உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி மடக்கிவிட்டாள். "மயோசீன் காலத்திலும் காபனீரொட்சைட்டு இப்ப போலக் கூட இருந்த நேரம் உண்டுதானே, ரீச்சர்? அப்ப இந்தக் கல் எப்பிடி உண்டானது?" நல்ல கேள்வி. விடை வேகத்தில் இருக்கிறது. மெல்ல ஏறினால், மழை பாறைகளைக் கரைக்க, ஆறுகள் அந்தக் கரைசலைக் கடலுக்குக் கொண்டு போய்ச் சேர்க்க, காபனேற்று ஈடுசெய்யப்படும். அதற்குப் பத்தாயிரக்கணக்கான ஆண்டு வேண்டும். நாங்கள் ஏற்றியது இருநூற்றுச் சொச்ச ஆண்டில். ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுக்கு முன் காபன் இப்படி விரைவாகக் கூடிய ஒரு காலம் வந்தது. அதுகூட இன்றைய வேகத்தை விட மெதுவானது. ஆழ்கடல் அடியில் வாழ்ந்த போராமினிபெரா இனங்களில் கணிசமான பங்கு அப்போது அழிந்தது. வெப்பமும் உயிர்வளிக் குறைவும் அதில் சேர்ந்திருந்தன.

இப்போதைய அறிகுறிகள் முதலில் குளிர்ந்த கடல்களில் தெரிந்தன. குளிர்ந்த நீரில் வாயு கூடக் கரையும். காபனேற்று ஏற்கெனவே குறைவு. தென்பெருங்கடலில் 2008 இல் பிடித்த, நீரில் மிதந்து வாழும் தெரோபொட்டு என்ற நத்தைகளின் ஓட்டில் உயிரோடு இருக்கும்போதே அரிப்பு இருந்ததாக 2012 இல் ஆய்வு வெளியானது. அவற்றின் ஓடும் சங்கைப் போல அரகனைற்று. மீனுக்கும் திமிங்கிலத்துக்கும் அவை உணவு. 2007 அளவில் அமெரிக்காவின் ஒரிகன் கரையில் சிப்பிக் குஞ்சு வளர்க்கும் நிலையத்தில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. ஆழத்திலிருந்து மேலே வந்த, காபனீரொட்சைட்டு மிகுந்த நீர் காரணம் என்று பிறகு கண்டார்கள். சிப்பிக் குஞ்சு முட்டையிலிருந்து வந்து இரண்டொரு நாளுக்குள் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். முட்டையில் கொண்டுவந்த சேமிப்புத் தவிர அதற்கு வேறு கைமுதல் இல்லை. நீரில் காபனேற்று குறைந்தால் கட்டுவதற்கே அந்தச் சேமிப்பு தீர்ந்துபோகும். நிலையத்தார் தொட்டி நீரில் சோடியம் காபனேற்று கலந்து தொழிலைக் காப்பாற்றினார்கள். எங்கள் பனைத் தொழிலாளி முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவி, சாறு புளித்துக் கள்ளாகாமல் கருப்பநீராக இறக்குவதும் காரத்தைக் கூட்டித்தான்.

முட்டிக்கும் தொட்டிக்கும் செய்யலாம். கடலுக்கே சுண்ணாம்பு போடலாம் என்றும் யோசனை சொன்னவர்கள் உண்டு. அந்தச் சுண்ணாம்புக்கும் கல்லைச் சுட வேண்டும். நூற்றுக்கு 44 மறுபடி புகையில் போகும். அதைப் பிடித்து அடைக்காமல் செய்தால் பாதி வேலை வீண்.

எங்கள் கடலின் நிலை தென்பெருங்கடலின் நிலை அல்ல. பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பான நீரில் காபனேற்று இன்னும் மிகையாகவே இருக்கிறது. நாளைக்கே சங்கு கரைந்துவிடும் என்று பயமுறுத்துவது பொய். ஆனால் மிகை குறையக் குறைய ஓடு கட்டும் செலவு கூடும். வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டியது ஓட்டுக்குப் போகும். சங்குக் குஞ்சுக்கு ஒரு வசதி உண்டு. செம்மறிக் கடாவின் கொம்பு போல முறுகிய முட்டைக் கூட்டுக்குள்ளேயே அது ஓடு கட்டி, ஊரும் பிராயத்தில் வெளியே வருகிறது. முத்துச் சிப்பியின் குஞ்சுக்கு அந்தக் காப்பு இல்லை. நீரில் மிதந்தபடி முதல் ஓட்டைக் கட்ட வேண்டும். கடல் சூடாவதும் வலை வாரிக்கொண்டு போவதும் சேர்ந்துகொண்டால் எது முதலில் தாக்கும் என்று பிரிக்கவும் முடியாது.

கடனீரேரி இன்னும் சிக்கலானது. பகலில் சாதாழை வெயிலில் காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் பீஎச் ஏறும். இரவில் எல்லா உயிரும் மூச்சு விடுவதால் இறங்கும். ஒரு நாளின் ஏற்ற இறக்கமே உலகக் கடலின் இருநூறு வருட மாற்றத்தை விட அதிகமாகலாம். பாடசாலை பீஎச் மானி 0.1 வரை சரியாகக் காட்டினாலே பெரிய காரியம். ஒரு நாள் போய் அளந்து வந்து கடல் புளித்துவிட்டது என்றோ, ஒன்றுமில்லை என்றோ சொல்வது இரண்டும் பிழை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பல வருடம் அளக்க வேண்டும். சாதாழைப் படுகைகளைக் காப்பாற்றுவதற்கும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது: பகல் நேரத்திலாவது அவை சுற்றியுள்ள சிறிய ஓட்டு உயிர்களுக்குக் கை கொடுக்கும்.

1988 இன் சட்டத்தால் முருகைக்கல் உடைப்பவனைப் பிடிக்கலாம். வேறொரு கண்டத்தின் அனல்மின் நிலையத்தை அதனால் பிடிக்க முடியாது. அளப்பது மட்டும் எங்கள் கையில் இருக்கிறது. கடல்நீரின் காரத்தன்மையை ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமித்து அறிவது உயர்தர மாணவர்கள் செய்யும் பரிசோதனைதான். துல்லியமான பீஎச்சுக்குச் சாயமும் நிறமாலைமானியும் வேண்டும். திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் இருக்கிறது. பண்ணைக் கடல் நல்லூரிலிருந்து சைக்கிளில் போய் வரும் தூரம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இந்தக் கடலில் எத்தனை முத்து, எத்தனை சங்கு, எவ்வளவு வரி என்று பேரேடு வைத்தார்கள். அந்த முத்தையும் சங்கையும் கட்டிய பொருள் நீரில் எவ்வளவு இருந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அது குறையும் என்று நினைக்க அவர்களுக்குக் காரணமும் இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது. அந்தப் பேரேட்டின் முதற்பக்கத்தை நல்லூர்ப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களில் இந்தத் தவணையே எழுதத் தொடங்கலாம்.